சாக்கேயும் நுங்கும்: யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஒரு குளிர்ந்த கலப்புப் பானம்

வைகாசி பிறந்து, தெருவோரங்களில் நுங்குக் குலைகள் குவியத் தொடங்கும் காலத்தில்தான் வெளிநாட்டு உறவினர்களும் விடுமுறைக்கு ஊருக்கு வரத் தொடங்குகிறார்கள். அவர்களுடைய பயணப் பொதிகளில் இப்போது விஸ்கிக்குப் பதிலாகச் சில வேளைகளில் ஜப்பானிய அரிசி மதுவான சாக்கே ஒரு போத்தலும் வந்து சேர்கிறது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கோலாவோடு கலந்து குடித்துவிட்டோ, சூடேறிய அறையில் வைத்திருந்து அப்படியே ஒரு மிடறு பருகிவிட்டோ, “இதில் ஒன்றும் இல்லை” என்று ஒதுக்கிவைத்தவர்களை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். சாக்கே மென்மையான மது. அதன் மென்மைக்கு இசைவான பொருள்களோடு, போதிய குளிரில் கலந்தால், நம் ஊர் வெயிலுக்கு அதைவிடப் பொருத்தமான பானம் அரிது என்பது என் உறுதியான கருத்து. இதற்கு முன்னர் ஒருமுறைகூடக் கலப்புப் பானம் செய்திராத ஒருவரும் தன் வீட்டுக் குசினியில் உள்ள பாத்திரங்களைக் கொண்டே அதைச் செய்துவிட முடியும்.

செய்முறைக்குப் போகுமுன் சாக்கே என்றால் என்னவென்று சற்று அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் எதை எவ்வளவு சேர்க்க வேண்டும் என்ற கணக்கெல்லாம் அதன் இயல்பிலிருந்தே வருகிறது. ஜப்பானிய மொழியில் சாக்கே என்பது எல்லா மதுவகைகளுக்கும் உரிய பொதுச்சொல். நாம் சாக்கே என்று சொல்லும் அரிசி மதுவை அவர்கள் நிஹொன்ஷு என்று அழைக்கிறார்கள். நமக்குக் கள்ளின் வழியாக இதை எளிதில் விளங்கிக்கொள்ளலாம். பனம்பாளையிலிருந்து முட்டியில் வடியும் சாற்றில் இயல்பாகவே சீனி இருப்பதால், சுற்றாடலில் உள்ள மதுவங்கள் அதை உடனே நொதிக்கச் செய்துவிடுகின்றன. முட்டியில் சுண்ணாம்பு தடவினால் நொதித்தல் தடைப்பட்டுக் கருப்பணி கிடைக்கிறது. அரிசியில் உள்ளதோ மாப்பொருள். மதுவத்தால் மாப்பொருளை நேரே நொதிக்கச் செய்ய இயலாது. ஆகவே ஜப்பானியர்கள் ஆவியில் அவித்த அரிசியின்மேல் கோஜி என்னும் பங்கசை வளர்த்து, அதன் நொதியங்களைக் கொண்டு மாப்பொருளைச் சீனியாக்குகிறார்கள். அதே தாங்கியில், அதே வேளையில், மதுவம் அந்தச் சீனியை மதுசாரமாக மாற்றிக்கொண்டிருக்கிறது. இந்த இரட்டை வேலையினால் காய்ச்சி வடிக்காமலேயே மதுசாரம் 20 சதவீதம் வரை உயர்கிறது. பின்னர் பெரும்பாலான வகைகளில் தண்ணீர் சேர்த்து 15 அல்லது 16 சதவீதத்துக்குக் குறைக்கிறார்கள். கோஜியைக் கொண்டு மது வடிக்கும் இந்த மரபறிவை யுனெஸ்கோ 2024 டிசெம்பரில் மனிதகுலத்தின் அருவப் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

இதிலிருந்து நமக்கு வேண்டியவை இரண்டு செய்திகள். ஒன்று, சாக்கே சாராயம் அன்று. சாராயத்தை அடக்குவதற்குத் தேவைப்படும் அளவு சீனியும் புளிப்பும் இதற்குத் தேவையில்லை. மற்றது, திராட்சை மதுவோடு ஒப்பிடும்போது சாக்கேயில் புளிப்பு மிகக் குறைவு. அதற்குப் பதிலாகக் கோஜி தந்த அமினோ அமிலங்களின் மெல்லிய சுவை நாவில் தங்குகிறது. தேசிக்காய்ச் சாற்றை ஒரு கரண்டி கூடுதலாக விட்டாலும் அந்தச் சுவை முழுவதும் மறைந்துவிடும். நுங்கு இதற்குப் பொருந்துவதும் இதனால்தான்: அதற்கும் புளிப்பில்லை, அதன் மணமும் அடக்கமானது, இரண்டும் ஒன்றையொன்று மேவுவதில்லை.

எந்தப் போத்தல், எங்கே வைப்பது

கலப்பதற்கு விலையுயர்ந்த சாக்கே வேண்டாம். அரிசியின் மேற்பகுதியைத் தீட்டி நீக்கி, பாதியோ அதற்கும் குறைவாகவோ எஞ்சிய உட்பகுதியைக்கொண்டு செய்யப்படும் டாய்கின்ஜோ என்ற வகை பழமணம் நிறைந்தது. அதைத் தனியாகக் குளிர்வித்துப் பருகுவதே முறை, தேசிக்காயோடு சேர்த்தால் கொடுத்த பணம் வீணாகும். அரிசி, தண்ணீர், கோஜி, மதுவம் ஆகியவற்றால் மட்டும் ஆன ஜுன்மாய் என்ற வகையே இந்தப் பானத்துக்கு உகந்தது. ஹொன்ஜோசோ என்ற, சிறிதளவு மதுசாரம் சேர்த்த வகையும் நன்றாகவே இருக்கும். பச்சைச் சாக்கே எனப்படும், சூடாக்கிப் பதப்படுத்தாத நமா வகையை நம் ஊருக்குக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். அது தொடக்கம் முதல் இறுதிவரை குளிரில் இருந்தாக வேண்டும். சமையலுக்கென்று விற்கும் சாக்கேயில் உப்புச் சேர்த்திருப்பதால் அதுவும் ஆகாது. சிலர் ஷோச்சு என்ற பானத்தைச் சாக்கே என்று நினைத்து வாங்கி வருகிறார்கள். அது காய்ச்சி வடித்தது, பெரும்பாலும் 25 சதவீதம் மதுசாரம் கொண்டது. ஆகவே லேபலில் சதவீதத்தைப் பார்த்துவிட்டே மூடியைத் திறக்க வேண்டும்.

ஒளியும் வெப்பமும் சாக்கேயின் எதிரிகள். எனக்கு முதன்முதலாகக் கிடைத்த போத்தல் கொழும்பிலிருந்து ஒரு பகல் முழுவதும் வானின் பின்பக்கத்தில் வெயில்பட்டு வந்தது. அதன் பின்னர் அதன் அருமை அறியாமல் இரண்டு மாதம் குசினித் தட்டில், அடுப்புக்கு அருகில் வைத்திருந்தேன். திறந்தபோது தண்ணீர்போல் இருக்க வேண்டிய மது வைக்கோல் நிறத்தில் இருந்தது. மூக்கருகே கொண்டுபோனால் சோயா சோஸின் வாடையும் பழைய கடதாசியின் வாடையும் கலந்து வந்தன. அதைக் குடித்தால் தீங்கொன்றும் இல்லை, ஆனால் குளிர்பானத்துக்கு அது உதவாது. அன்று முதல் போத்தலைப் பத்திரிகைத்தாளில் சுற்றி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நிமிர்த்தியே வைக்கிறேன். திராட்சை மதுப் போத்தலைப்போல் இதைப் படுக்கவைக்கத் தேவையில்லை. திறந்த பின்னர் இரண்டு கிழமைக்குள் முடித்துவிட வேண்டும்.

தண்ணீரும் ஐஸும்

இந்தப் பானத்தில் பெரும்பாலானோர் கவனிக்காமல் விடுவதும், யாழ்ப்பாணத்தில் எல்லாவற்றிலும் முதன்மையானதும் ஐஸ்தான். கிளாஸில் விட்ட ஐஸின் ஒரு பகுதி கரைந்து பானத்தோடு கலந்தே தீரும். ஆகவே அந்த ஐஸ் எந்தத் தண்ணீரால் ஆனது என்பதும் செய்முறையின் ஒரு பகுதியே. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்திருக்கிறது. நம் கிணற்றுத் தண்ணீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு வருவதால் கடினமாக இருக்கிறது. தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் அடியில் செதில் செதிலாகப் படியும் வெண்மை அந்தக் கல்தான். இந்தத் தண்ணீரை அப்படியே உறையவைத்தால் ஐஸ்கட்டி நடுவில் பால்போல் கலங்கியிருக்கும். அது கரையும்போது சாக்கேயின் மெல்லிய இனிப்பின்மேல் சுண்ணாம்புச் சுவை ஏறிவிடும்.

ஜப்பானில் சாக்கே செய்பவர்களும் தண்ணீரைப் பற்றி நம்மைவிடக் குறைவாகக் கவலைப்படுவதில்லை. கோபே நகருக்கு அருகிலுள்ள நாடாவின் கனிமம் மிகுந்த கடின நீரில் உறுதியான, வறண்ட சுவையுள்ள சாக்கேயும், கியோத்தோவின் புஷிமியில் மென்னீரில் இளகிய சுவையுள்ள சாக்கேயும் உருவாயின என்று அங்கே காலங்காலமாகச் சொல்கிறார்கள். அவர்கள் அவ்வளவு பார்த்துச் செய்த ஒன்றை நாம் ஐஸில் கெடுத்துவிடக் கூடாது.

முதல்நாள் மாலையில் கிணற்றுத் தண்ணீரைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்து, மூடிவைத்து ஆறவிடுங்கள். கல் அடியில் படிந்த பின்னர், பாத்திரத்தை அசைக்காமல் மேல்தண்ணீரை மட்டும் மெல்லிய வெள்ளைத் துணியில் வடித்து உறையவையுங்கள். கடற்கரையை அண்டிய ஊர்களில் தண்ணீர் உவராக இருந்தால் கொதிக்கவைப்பதால் உப்பு நீங்காது. அங்கே சுத்திகரித்த குடிதண்ணீரை வாங்கிப் பயன்படுத்துவதே வழி. ஐஸ் தட்டின் சிறு குழிகளைவிடச் சிறிய எவர்சில்வர் கிண்ணங்களில் உறையவைத்த பெரிய கட்டிகள் நல்லவை, அவை மெதுவாகக் கரையும். உறைபெட்டியில் மீனோ இறைச்சியோ இருந்தால் கிண்ணங்களை இறுக மூடிவையுங்கள். ஐஸ் வாடையை விரைவில் பற்றிக்கொள்ளும்.

பாணி, தேசிக்காய், நுங்கு

இனிப்புக்குப் பனங்கற்கண்டுப் பாணியைப் பரிந்துரைக்கிறேன். குட்டானில் வரும் பனங்கட்டியை நான் மிகவும் விரும்புபவன். ஆயினும் அதன் கருநிறமும் புகைமணமும் சாக்கேயை முழுமையாக விழுங்கிவிடுகின்றன என்பதைப் பலமுறை செய்துபார்த்தே சொல்கிறேன். 100 கிறாம் பனங்கற்கண்டை இடித்து, 100 மில்லிலீற்றர் தண்ணீரில் இட்டு, சிறு தீயில் கரையும்வரை மட்டும் சூடாக்குங்கள்; கம்பிப் பதம் வரும்வரை காய்ச்ச வேண்டாம். இறக்கியதும் இரண்டு விரலால் எடுக்கும் ஆனையிறவு உப்பை அதிலேயே போட்டுக் கரைத்துவிடுங்கள். உப்புச் சுவை தெரியக் கூடாது. நுங்கின் இனிப்பை எடுத்துக்காட்டுவதற்கே அது. வடித்து ஆறவைத்த பாணி குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு கிழமை நிற்கும். பனங்கற்கண்டு கிடைக்காவிட்டால் வெள்ளைச் சீனியில் இதே அளவில் செய்யலாம்.

தேசிக்காயைக் கலக்கும் வேளையில்தான் பிழிய வேண்டும். காலையில் பிழிந்து வைத்த சாறு மாலையில் கைத்துப்போகும். பழுத்து மஞ்சளான காய் பச்சைக் காயைவிட மென்மையான புளிப்பைத் தரும். கடைசித் துளிவரை நசுக்கிப் பிழிந்தால் தோலின் கைப்பு இறங்கிவிடும். சாறு இலகுவாக வருமட்டும் பிழிந்துவிட்டு நிறுத்துங்கள்.

நுங்கைத் தெரிந்தெடுப்பதில்தான் பழக்கம் வேண்டும். சீவுபவரிடம் “குடிக்கிற பதத்தில் இளசாகத் தாருங்கோ” என்று கேட்டு வாங்குங்கள். நல்ல இளநுங்கின் கண்ணைப் பெருவிரலால் மெல்ல அமர்த்தினால் தண்ணீர்ப்பை போலத் தளதளக்கும். உள்ளே நீர் அசைவதும் தெரியும். அமர்த்தியும் குழியாமல் விறைத்து நின்றால் அது முற்றியது. கறிக்கு உதவலாம், கிளாஸில் போட்டால் தேங்காய்ச் சொட்டுப்போல் கடிபடும். கண்களைத் தோண்டி எடுத்தபின், அவற்றைச் சுற்றியுள்ள மெல்லிய தோலை முழுவதுமாக உரித்துவிடுங்கள். சிறுவயதில் நாம் தோலோடு உறிஞ்சிக் குடித்ததுண்டு. ஆனால் அந்தத் தோலின் துவர்ப்பு மதுவோடு சேரும்போது நாக்கை இழுத்துப்பிடிக்கும். உரிக்கும்போது கீழே ஒரு கோப்பையை வையுங்கள். கண் உடைந்தால் வழியும் அந்தத் தண்ணீரே பானத்தின் உயிர்.

கலக்கும் முறை

ஒரு கிளாஸுக்கு வேண்டியவை: சாக்கே 75 மில்லிலீற்றர், தேசிக்காய்ச் சாறு 10 மில்லிலீற்றர், பாணி 10 மில்லிலீற்றர், உரித்த நுங்குக் கண்கள் மூன்று, குளிர்ந்த வெறுஞ்சோடா 60 மில்லிலீற்றர், ஐஸ். அளவுக்கெனத் தனிப் பாத்திரம் தேவையில்லை. மேசைக்கரண்டி 15 மில்லிலீற்றர், தேக்கரண்டி 5 மில்லிலீற்றர் என்று கொண்டால் சாக்கே ஐந்து மேசைக்கரண்டி, சாறும் பாணியும் தலா இரண்டு தேக்கரண்டி. பாணி மருந்துப் போத்தலோடு வரும் கோடிட்ட சிறு மூடி இருந்தால் இன்னும் நல்லது. கண்ணளவில் விடுவதைத் தொடக்கத்தில் தவிர்த்துவிடுங்கள்.

சாக்கேயும் சோடாவும் குறைந்தது மூன்று மணித்தியாலம் குளிர்சாதனப் பெட்டியில் இருந்திருக்க வேண்டும். ஜப்பானில் குளிர்ந்த சாக்கேயின் வெப்பநிலைகளுக்கே தனித்தனிப் பெயர்கள் உண்டு: 5 பாகை செல்சியஸைப் பனிக்குளிர் என்றும் 10 பாகையைப் பூக்குளிர் என்றும் பொருள்படச் சொல்கிறார்கள். நமக்கு வேண்டியது பனிக்குளிர். ஏனெனில் சித்திரை, வைகாசி வெயிலில் கிளாஸ் கைக்கு வருமுன்னரே பூக்குளிருக்கு ஏறிவிடும். கண்ணாடிக் கிளாஸையும் பதினைந்து நிமிடம் உறைபெட்டியில் வைத்தெடுங்கள். வீட்டில் இருக்கும் பித்தளை மூக்குப்பேணியில் பரிமாறினால் அழகாக இருக்குமே என்று சிலர் விரும்புவார்கள். தேசிக்காய்ப் புளிப்பு பித்தளையிலுள்ள செம்பைக் கரைக்கும் என்பதால் அது கூடாது. கண்ணாடியோ எவர்சில்வரோதான் பாதுகாப்பு.

இனி, நுங்குக் கண்களில் ஒன்றைக் கிளாஸின் அடியில் போட்டு, மரக்கரண்டியின் பின்புறத்தால் மெல்ல மசியுங்கள். கூழாக்க வேண்டாம், நாலைந்து துண்டாக உடைந்து தண்ணீர்விட்டால் போதும். மற்ற இரண்டையும் கத்தியால் விரல்நகம் அளவு துண்டுகளாக வெட்டி அதன்மேல் இடுங்கள். பின்னர் இறுக்கமான மூடியுள்ள ஒரு ஜாம் போத்தலில் சாக்கே, சாறு, பாணி மூன்றையும் விட்டு, கோப்பையில் சேர்ந்த நுங்குத் தண்ணீரையும் ஊற்றி, ஐந்தாறு சிறு ஐஸ் துண்டுகளைப் போட்டு மூடி, பத்து எண்ணும்வரை குலுக்குங்கள். போத்தலின் வெளிப்புறம் வெண்பனி பூத்து, கை விறைக்கத் தொடங்கினால் அதுவே அளவு. அதற்குமேல் குலுக்கினால் ஐஸ் உடைந்து பானம் நீர்த்துவிடும். சாராயக் கலவைகளை நீண்டநேரம் குலுக்குவார்கள்; பதினைந்து சதவீத மதுவுக்கு அது பொருந்தாது. சோடாவை ஒருபோதும் போத்தலில் விட்டுக் குலுக்காதீர்கள், மூடி தெறிக்கும்.

கிளாஸில் ஒரு பெரிய ஐஸ்கட்டியை வைத்து, குலுக்கியதை வடியால் வடித்து ஊற்றுங்கள். சோடாவைக் கிளாஸைச் சாய்த்து, அதன் ஓரமாக மெதுவாக விடுங்கள். இறுதியில் நீண்ட கரண்டியை அடிவரை இறக்கி, நுங்குத் துண்டுகள் ஒருமுறை மேலெழுந்து இறங்குமாறு ஒரே ஒரு தடவை கிளறினால் போதும். மேலே புதினா இலை வைக்க விரும்பினால் ஒரு இலையை உள்ளங்கையில் வைத்துத் தட்டி, மணம் எழுந்ததும் இடுங்கள். நான் பெரும்பாலும் வைப்பதில்லை. சாக்கேயின் அரிசி மணத்தைப் புதினா மூடிவிடுகிறது. உறிஞ்சியோடு ஒரு சிறு கரண்டியையும் சேர்த்துக் கொடுங்கள், நுங்கைத் தின்பதற்கு.

முதல் மிடறில் புளிப்பு முன்னே நின்றால் பாணியைக் கூட்டாமல் அடுத்த கிளாஸில் சாற்றைக் குறையுங்கள். சுவையே இல்லாமல் சப்பென்று இருந்தால் பெரும்பாலும் குளிர் போதாமையும் ஐஸ் கரைந்தமையுமே காரணம். சாக்கேயைக் கூட்ட வேண்டாம். கைப்பு இருந்தால் தேசிக்காய்த் தோலையும், துவர்ப்பு இருந்தால் நுங்குத் தோலையும் பாருங்கள்.

ஆறு பேருக்குச் செய்வதானால் 450 மில்லிலீற்றர் சாக்கேயையும் 60, 60 மில்லிலீற்றர் சாற்றையும் பாணியையும் ஒரு யாடியில் கலந்து குளிரவைத்து, நுங்கையும் சோடாவையும் மட்டும் பரிமாறும்போது ஒவ்வொரு கிளாஸிலும் சேர்க்கலாம். 720 மில்லிலீற்றர் போத்தலில் ஒன்பது கிளாஸ் கிடைக்கும்.

நுங்குக் காலம் முடிந்தபின் வத்தகப்பழத்தை மசித்து வடித்த சாற்றில் செய்யலாம். அப்போது பாணி வேண்டியதில்லை. எல்லாவற்றிலும் எளியது, 60 மில்லிலீற்றர் சாக்கேயோடு 90 மில்லிலீற்றர் குளிர்ந்த செவ்விளநீரைக் கலந்து, இரண்டு துளி தேசிக்காய் விடுவது. முதல்நாளே நுங்கோடு போராட விரும்பாதவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். தொட்டுக்கொள்ள, உறைப்பு அடங்கிய கணவாய்ப் பொரியலோ வறுத்த கச்சானோ போதும். நண்டுக் குழம்பின் உறைப்புக்கு முன்னால் இந்தப் பானம் நிற்காது.

ஒரு கிளாஸில் 11 மில்லிலீற்றருக்குச் சற்று மேலான தூய மதுசாரம் இருக்கிறது. ஐஸ் கரைந்து சேர்ந்தபின் பானத்தின் வலு பியரின் அளவில் நிற்கும். இனிப்பும் குளிரும் அந்த வலுவை மறைப்பதால், தாகத்துக்கு முதலில் தண்ணீர் குடித்துவிட்டு இதைச் சுவைக்கு மட்டும் பருகுங்கள்; குடித்தவர் மோட்டார்சைக்கிளைத் தொடக் கூடாது. இலங்கையில் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கு மது விற்பது சட்டப்படி குற்றம், வீட்டிலும் அந்த எல்லையைக் காப்பதே முறை. போயா தினத்தில் மதுக்கடைகள் மூடியிருக்கும். நல்லூர்த் திருவிழாவின் 25 நாள்களிலும் பல வீடுகளில் மச்சமும் மதுவும் விலக்கு என்பதால், விருந்துக்கு அழைப்பவர் முதலிலேயே கேட்டறிந்துகொள்வது நல்லது. குடிக்காதவர்களுக்கும், வண்டி ஓட்டிச் செல்ல வேண்டியவர்களுக்கும் சாக்கேயின் இடத்தில் இளநீரை விட்டு, மற்ற எல்லாவற்றையும் அதே அளவில், அதே கிளாஸில், அதே கவனத்தோடு கலந்து கொடுங்கள். நுங்கும் பனங்கற்கண்டும் தேசிக்காயும் அதிலும் குறைவின்றி நிற்கும்.